பொக்லைனைக் கூப்பிடும் முன்: மண் வேலை கேள்வி பதில்

ஐயா, காங்கேயம் பக்கம் வீடு கட்டுகிறோம். தண்ணீர்த் தொட்டிக்கு 10க்கு 10, ஆறடி ஆழம் தோண்ட வேண்டும். ஒருத்தர் மணிக்கணக்கில் வருகிறேன் என்கிறார், இன்னொருத்தர் மொத்தமாகப் பேசிக்கலாம் என்கிறார். எது கட்டுபடியாகுமுங்க?

அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் இதற்குப் பதில். உங்கள் பக்கம் மேலே கொஞ்சம் செம்மண் இருக்கும், சீக்கிரமே ஓடைக்கல் என்கிற இறுகிய கல் தட்டிவிடும். செம்மண்ணில் பக்கெட் சுலபமாக இறங்கும். ஓடைக்கல்லில் பக்கெட் பல் சுரண்டிக்கொண்டே இருக்க, மணி ஏறிக்கொண்டே போகும். மொத்தமாகப் பேசியவரோ பாதிக் குழியில் வண்டியை நிறுத்திவிட்டு, “இதுக்குப் பாறை உடைக்கிற பிரேக்கர் வேணும், அது தனி ரேட்” என்பார். எப்படியும் அடி உங்களுக்குத்தான்.

அதனால் முதலில் இரண்டு ஆள் வைத்து, தொட்டி வரும் இடத்தில் நாலடி ஆழத்துக்கு ஒரு சோதனைக் குழி போட்டுப் பாருங்கள். பக்கத்துக் காட்டில் கிணறு இருந்தால் இன்னும் நல்லது. எட்டிப் பார்த்தாலே மண் எத்தனை அடி, பாறை எங்கே தொடங்குகிறது என்று கிணற்றின் பக்கச் சுவர் காட்டிவிடும். மண்ணாகவே இருந்தால் மணிக்கணக்கு போதும். பாறை தட்டினால் மண்ணுக்கு ஒரு விலை, பாறைக்கு ஒரு விலை என்று யூனிட் (100 கன அடி) கணக்கில் பேசி, எழுதி வாங்குங்கள்.

அளவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 10க்கு 10 என்பது தொட்டியின் உள்ளளவு. சுவர் கனமும் கொத்தனார் நின்று வேலை செய்ய இடமும் சேர்த்தால் குழி 13க்கு 13 வரும். அடியில் கான்கிரீட் போட ஆழம் ஏழடி ஆகும். ஆக, 600 கன அடி என்று நினைத்த வேலை 1,183 கன அடி, கிட்டத்தட்ட 12 யூனிட். தோண்டிய மண் உப்பும் என்பதால் டிப்பரில் ஏற்றும்போது அதுவே 15 யூனிட் வரை போகும். நடைக்கு எத்தனை யூனிட் பிடிக்கும் வண்டி என்று கேட்டு, எத்தனை நடை என்பதை முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மணிக்கணக்கு என்றால் எப்போதிலிருந்து மணி ஓடும் என்பதையும் பேசிவிடுங்கள். சிலர் வண்டி கிளம்பியதிலிருந்து கணக்குச் சொல்வார்கள். டிப்பருக்காகக் காத்து நிற்கும் நேரமும் அதில் சேருமா, குறைந்தது எத்தனை மணிக்குக் காசு என்பதையும் கேளுங்கள். வண்டிக்குள் மணி மீட்டர் இருக்கும், இன்ஜின் ஓடினாலே அதுவும் ஓடும். அதில் கடைசி எண் பத்தில் ஒரு மணி, அதாவது 6 நிமிடம். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மீட்டரைப் போனில் படம் எடுத்து வைத்தால் பேச்சுக்கு இடமில்லை.

கோபி பக்கம், வாய்க்காலுக்குக் கீழே எங்கள் இடம். ஐந்தடியிலேயே ஊற்று வருகிறது. மோட்டார் வைத்து இறைத்துக் கட்டிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. சரியா?

கட்டலாம், ஆனால் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் நிறுத்திய பிறகு, கோடையில் கட்டுங்கள். கட்டி முடித்த பிறகும் கவனம் வேண்டும். 10க்கு 10, ஆறடித் தொட்டி என்றால் 17,000 லிட்டர். வெளியே ஊற்று மேல்வரை ஏறி, உள்ளே தொட்டி காலியாகக் கிடந்தால், அந்த நீர் தொட்டியைக் குறைந்தது 17 டன் விசையோடு மேலே தூக்கும். தொட்டியின் சொந்த எடை பல நேரம் அதைவிடக் குறைவு. வாய்க்கால் ஓடும் மாதங்களில் தொட்டியைக் காலி செய்ய வேண்டாம்.

சிங்காநல்லூரில் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறோம். கடைக்கால் எட்டடி. பக்கத்து வீட்டுக் காம்பவுண்ட் ஒட்டியே இருக்கிறது. “ஒண்ணும் ஆகாது” என்கிறார் கான்ட்ராக்டர்.

இந்த ஒரு வார்த்தையை நம்பாதீர்கள், தயவுசெய்து. காய்ந்த கரிசல் மண் செங்குத்தாக வெட்டினாலும் சுவர் மாதிரி நிற்கும். ஒரு மழை போதும், குழைந்து சரிந்துவிடும்.

நான் பார்த்த ஒரு வேலையில், இரவு மழை பெய்த மறுநாள் காலை, குழி விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி நூல் மாதிரி ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. பத்து மணிக்குள் அதில் விரல் நுழைந்தது. குழிக்குள் இருந்த நாலு பேரையும் மேலே ஏறச் சொன்னேன், கம்பி கட்டும் பையன் சலித்துக்கொண்டே ஏறினான். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துச் சுவரில் பதினைந்தடி நீளம் அப்படியே குழிக்குள் இறங்கியது. இன்றைக்கும் அந்த நூல் வெடிப்பு என் கண்ணிலேயே நிற்கிறது.

1.5 மீட்டருக்கு, அதாவது ஐந்தடிக்கு மேல் ஆழமான பள்ளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்று இந்தியத் தர விதி ஐ.எஸ். 3764 சொல்கிறது. எடுத்த மண்ணை விளிம்பில் குவிக்கக் கூடாது, 1.5 மீட்டராவது தள்ளிப் போட வேண்டும். உங்கள் எட்டடிக்கு இரண்டும் பொருந்தும். சுவர் ஓரத்தை ஒரே மூச்சில் தோண்டாமல் நாலடி நாலடியாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டி, கான்கிரீட் போட்ட பிறகு அடுத்ததைத் தொடச் சொல்லுங்கள். முட்டுக்கு ஆகும் செலவைக் கூலியோடு சேர்த்து முதலிலேயே எழுதி வாங்குங்கள். தொடங்கும் முன் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டி வந்து, சுவரில் ஏற்கெனவே இருக்கும் வெடிப்புகளைப் படம் எடுத்துவிட்டால் இரண்டு வீட்டுக்கும் நல்லது.

அப்புறம், எடுத்த கரிசலையே பேஸ்மட்டத்துக்குள் கொட்டி நிரப்ப விடாதீர்கள். ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி, தரையையே வெடிக்க வைக்கும்.

பல்லடம் பக்கம் பாறை. வெடி வைத்தால் சீக்கிரம் முடியும் என்கிறார்கள்.

குடியிருப்புக்குள் வேண்டாம். வெடிமருந்து உரிமம் உள்ளவர் மட்டுமே அதைத் தொடலாம். பிரேக்கர் வையுங்கள், அல்லது துளை போட்டு, உப்பிப் பிளக்கும் கெமிக்கல் கலவையை ஊற்றச் சொல்லுங்கள். கூடுதலாக ஒரு நாள் ஆகும், அவ்வளவுதான்.

பழைய செப்டிக் டேங்கை மூடிவிட்டு அங்கே போர்டிகோ போட வேண்டும். உள்ளே ஆளை இறக்கிச் சுத்தம் செய்து தருகிறேன் என்கிறார் கான்ட்ராக்டர்.

அவரை அனுப்பிவிடுங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி செப்டிக் டேங்குக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது குற்றம், இறக்கச் சொன்ன வீட்டுக்காரரையும் அது பிடிக்கும். உள்ளே நிற்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்குக்கு நாற்றமே தெரியாது. இறங்கியவரைத் தூக்க இறங்குபவரும் அப்படியே விழுகிறார். கழிவுநீர் அகற்றுவதற்கான உதவி எண் 14420க்குப் பேசி, கழிவுநீர் லாரியால் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஸ்லாபை மேலிருந்தே இயந்திரத்தால் உடைத்து, செங்கல் உடைசலும் மணலும் போட்டு, அடுக்கு அடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்குங்கள். அதுவரை பீடி, தீக்குச்சி எதுவும் பக்கத்தில் கூடாது, குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.