சேகோ ஆலைக் கழிவுநீரும் பாசிக் குட்டையும்: கேள்வி பதில்

கேள்வி: ஆத்தூர் அருகே மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலை நடத்துகிறோம். மாவுத் தொட்டியிலிருந்து வடியும் நீரை நேரே பாசிக் குட்டைக்கு, அதாவது பாசி வளர்த்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் குட்டைக்கு, விடலாமா, ஐயா?

பதில்: விட வேண்டாம். அந்நீர் கலங்கலாக இருப்பதால் ஒளி உள்ளே இறங்காது. அதிலுள்ள மாவையும் சர்க்கரையையும் பாசியை முந்திக்கொண்டு பாக்டீரியாக்கள் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், குட்டை கறுத்து நாறத் தொடங்கும். முதலில் பயோகேஸ் கலனில் செரிக்க விடுங்கள்; நீங்கும் ஒவ்வொரு கிலோ சி.ஓ.டி.க்கும் (நீரிலுள்ள கரிமக் கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன் அளவு) ஏறத்தாழ 0.35 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும். கலனால் நீக்க இயலாத அம்மோனியாவும் பாஸ்பேட்டும் வெளிவரும் நீரில் தங்கிவிடும். பாசிக்கு வேண்டியவை அவைதாம்.

கேள்வி: மரவள்ளியின் சயனைடு பாசியைக் கொன்றுவிடாதா?

பதில்: செறிவு மிகுந்தால் பாதிக்கும். கிழங்கை அரைக்கும்போது அதிலுள்ள லினமரின் என்ற சேர்மம் சிதைந்து சயனைடு நீரில் கலக்கிறது. நுண்ணுயிர்கள் சயனைடுக்குப் பழகிய கலனில் அதன் பெரும்பகுதி சிதைந்துவிடும். ஆயினும், வெளியேற்ற வரம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமே என்பதால் ஆய்வகத்தில் அளந்து பார்ப்பது அவசியம்.

கேள்வி: குட்டையின் ஆழம் எவ்வளவு? எந்தப் பாசியை வாங்குவது?

பதில்: 20 முதல் 30 செ.மீ. போதும், துடுப்புச் சக்கரம் நீரைச் சுழற்ற வேண்டும். குளோரெல்லா, செனடெஸ்மஸ் போன்றவை தாமாகவே வந்து குடியேறும்; வாங்கத் தேவையில்லை. இடம்தான் நிறைய வேண்டும், அதை மறைக்க முடியாது.

கேள்வி: குட்டையிலிருந்து நீர் பச்சையாகவே வெளியேறுகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்குமா?

பதில்: ஆற்றிலோ ஓடையிலோ விடும் நீருக்கு லிட்டருக்கு பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவையான ஆக்சிஜன் அளவு) 30 மில்லிகிராம், கரையாமல் மிதக்கும் திண்மங்கள் 100 மில்லிகிராம் என்பது வரம்பு. பாசியும் இவ்விரு கணக்கிலும் சேரும் என்பதால், அதைப் பிரிக்காமல் விட்டால் சுத்திகரிப்பு பாதியில் நின்றதாகவே பொருள். சில மைக்ரான் அளவேயுள்ள செல்கள் எளிதில் படியமாட்டா. படிகாரம் இட்டுத் திரட்டலாம், அல்லது பாக்டீரியாத் திரளோடு சேர்த்து வளர்த்துப் படியவைக்கலாம். என் கணிப்பில், இத்திட்டங்கள் தோற்பது பாசியை வளர்ப்பதில் அன்று, அறுவடையில்தான். இன்னொன்று: பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் வெயில் ஏறிய பிற்பகலில் நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 9-ஐத் தாண்டக்கூடும், அனுமதி 5.5 முதல் 9 வரையே. காலை மாதிரியை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: திரட்டிய பாசியைத் திப்பியோடு (மாவு பிழிந்த பின் எஞ்சும் கிழங்குச் சக்கை) கலந்து மாட்டுக்குக் கொடுக்கலாமா?

பதில்: படிகாரம் கலந்ததைக் கொடுக்கக் கூடாது. பயோகேஸ் கலனுக்கே திருப்பி விடுங்கள்.