ஹெர்2 ‘2+’ என்றால் பாதி ஆபத்தா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஹெர்2: 2+’ என்று இருக்கிறது. லேபிலிருந்து வந்தவர், “இது ஜீன் சமாசாரம். மகள்கள் இருவரும் டெஸ்ட் எடுங்கள், 45,000 ரூபாய்” என்கிறார். எடுக்கலாமா?

பதில்: முதலில் அவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஹெர்2 எல்லோர் உடம்பிலும் உள்ள புரதம். செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு, ‘வளர்’ என்ற சேதியை உள்ளே கடத்தும். சேதி செல்லின் உட்கருவை எட்டினால், செல் பிரியத் தேவையான மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். சில கட்டிகளில் இந்தப் புரதத்துக்கான மரபணு பல பிரதிகளாகப் பெருகிவிடுகிறது. புரதமும் குவிகிறது. யாரும் கேட்காமலே செல் பிரிந்துகொண்டே போகிறது. இது கட்டிக்குள் நடந்த கோளாறு, அம்மாவிடமிருந்து உங்களுக்கு வருவதல்ல. பரம்பரையாக வருவது பிஆர்சிஏ போன்ற வேறு மரபணுக்களில் உள்ள கோளாறு. அந்தச் சோதனை வேண்டுமா என்பதைக் குடும்ப விவரம் கேட்டு மருத்துவர் சொல்லட்டும். ரத்தம் எடுக்க வருகிறவர் சொல்லக் கூடாது.

ரிப்போர்ட்டில் உள்ள 2+, பயாப்ஸி சதைக்குச் சாயமிட்டு ஸ்லைடில் பார்த்து, 3+ வரை போடும் மதிப்பெண். 3+ என்றால் செல்களைச் சுற்றிக் கோழிக்கூண்டு வலை மாதிரி அடர்ந்த பழுப்புக் கோடு தெரியும். 2+ல் அது மங்கல். ‘சாயத்தை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை’ என்பதுதான் பொருள். அடுத்தது ஃபிஷ் சோதனை. மரபணுப் பிரதிகளை ஒளிரவிட்டு எண்ணுவார்கள். பிரதிகள் பெருகியிருந்தால் பாசிட்டிவ். அதற்கு ஹெர்2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து உண்டு, 1998லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நெகட்டிவ் என்றால் இந்த வகை மருந்தே கிடையாது என்றுதான் நாங்களும் சொல்லிவந்தோம். 2022க்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது. 1+, அல்லது 2+ வந்து ஃபிஷ் நெகட்டிவ் ஆனவர்களை ‘ஹெர்2 குறைவு’ என்று தனியாகப் பிரித்து, டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் என்ற மருந்தைத் தருகிறார்கள். ஆனால் நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியிருந்தால், அல்லது அறுவை செய்து எடுக்க முடியாத நிலையில் இருந்தால்தான். மார்பிலும் அக்குளிலும் மட்டும் இருக்கிற, அறுவை செய்து எடுத்துவிடக்கூடிய நோய்க்கு இல்லை. இதை மறைத்து, “புது ஊசி வந்திருக்கிறது, ஏற்பாடு செய்கிறேன்” என்று ஒருவர் வருவார். பாருங்கள், கட்டாயம் வருவார்.

ஃபிஷுக்குப் புதிதாகக் குத்தி எடுக்க வேண்டாம். முதல் பயாப்ஸியில் எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். அதை வாங்க ஒரு விண்ணப்பம், இரண்டு கையெழுத்து, “சார் லீவு, நாளைக்கு வாங்க” எல்லாம் உண்டு. நோயாளியின் சதையை நோயாளிக்குக் கொடுக்க இத்தனை பாடு! ஒரு முறை என்னிடம் வேறொரு அம்மாவின் பிளாக் வந்து சேர்ந்தது. அதனால் பிளாக்கில் உள்ள எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கவுன்ட்டரிலேயே பார்த்து வாங்குங்கள்.