கணவர் இந்தியக் குடிமகன், மனைவி பிரிட்டிஷ் குடிமகள்: ஓய்வுக்குப் பிறகு திருச்சியில் தங்குவதற்கு என்னென்ன செய்ய வேண்டும்?

கேள்வியின் சாரம் இதுதான்: கணவரிடம் இந்தியப் பாஸ்போர்ட்டும் பிரிட்டனின் ஐஎல்ஆர் எனும் நிரந்தரத் தங்கும் அனுமதியும் இருக்கின்றன. மனைவி பிரிட்டனில் பிறந்த ஆங்கிலேயர், கிறிஸ்தவர். முதல் சில ஆண்டுகள் குளிர்காலத்தில் ஐந்து மாதம் திருச்சி, அப்புறம் நிரந்தரமாக அங்கேயே. மனைவிக்கு டூரிஸ்ட் விசா போதுமா?

ஐந்து மாதத்துக்குப் போதும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு 180 நாள்தான் உச்சவரம்பு, அதற்குள் திரும்பிவிடுகிறீர்கள். நிரந்தரமாகத் தங்க ஓசிஐ அட்டை வேண்டும்; வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கும், இந்தியரின் வாழ்க்கைத்துணைக்கும் தரப்படுவது அது. அது இருந்தால் எத்தனை ஆண்டு தங்கினாலும் எஃப்ஆர்ஆர்ஓ எனும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. இடைப்பட்ட வழியும் உண்டு: இந்தியரின் துணைக்குத் தரப்படும் எக்ஸ் விசா. அது 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால், வந்த 14 நாளுக்குள் இணையத்திலேயே பதிந்துவிட வேண்டும்.

ஓசிஐக்கு மனைவி என்ற முறையில் விண்ணப்பிக்க, திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும். பலர் சறுக்குவது ‘பதிவாகி’ என்ற சொல்லில். பிரிட்டனில் ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்திருந்தால் கவலை இல்லை. அந்தச் சான்றிதழுக்கு பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில், ஆவணம் உண்மையானது எனக் காட்டும் அப்போஸ்டில் முத்திரை வாங்கினால் போதும். ஊரில் கோவிலில் தாலி கட்டியதோடு நிறுத்தியிருந்தால்தான் சிக்கல். இந்து திருமணச் சட்டத்துக்கு இருவருமே இந்துக்களாக இருக்க வேண்டும். ஒருவர் மதம் மாறாத கிறிஸ்தவர் என்றால் அந்தத் திருமணம் அந்தச் சட்டப்படி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்களுக்குரிய வழி 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். ஏற்கெனவே சடங்காக நடந்த திருமணத்தையும் அதன் 15-ஆவது பிரிவில் பதியலாம். அதற்கு முன்னால் இருவரும் 30 நாள் அந்த மாவட்டத்தில் வசித்திருக்க வேண்டும், பிறகு 30 நாள் அறிவிப்புக் காலம். ஒரு குளிர்காலப் பயணத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் இதற்கே போய்விடும். ஆகவே முதல் பயணத்திலேயே முடித்துவிடுங்கள். இரண்டு ஆண்டுக் கணக்கைப் பதிவுத் தேதியிலிருந்தே வைத்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பம் நின்றுபோவதற்கு நம்மூர் இனிஷியலும் ஒரு காரணமாகலாம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், திருமணச் சான்றிதழில் ஓர் எழுத்தாகச் சுருங்கியிருக்கும், பான் கார்டில் இரண்டும் இடம் மாறியிருக்கும். எல்லாம் ஒரே ஆள்தான் என்பதை விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி ஊகித்துக்கொள்ள மாட்டார். கணவரின் பாஸ்போர்ட்டில் மனைவி பெயரைச் சேர்த்து, எழுத்துக்கூட்டலையும் ஒன்றாக்கிய பிறகு விண்ணப்பியுங்கள். வெளிநாட்டில் கட்டணம் 275 டாலர், இந்தியாவில் 15,000 ரூபாய். டூரிஸ்ட் விசாவில் வந்திருக்கும்போது இந்தியாவில் விண்ணப்பிக்க முடியாது. உங்கள் திட்டத்துக்கு பிரிட்டனிலிருந்து போடுவதே சரி. துணை என்ற முறையில் வாங்கும் அட்டைக்குப் பாதுகாப்புச் சரிபார்ப்பு உண்டு. அது முடிய மாதங்கள் ஆகலாம் என்பதால், அட்டை கைக்கு வராமல் நிரந்தரப் பயணத்துக்கு டிக்கெட் போடாதீர்கள்.

அட்டை வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. மனைவி பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், புதியது கிடைத்த மூன்று மாதத்துக்குள், அதன் நகலையும் புகைப்படத்தையும் திருமணம் நீடிக்கிறது என்ற உறுதிமொழியையும் ஓசிஐ தளத்தில் ஏற்ற வேண்டும். மணவிலக்கு ஆனால் இந்த அட்டை ரத்தாகலாம். (இதைப் படிக்கும் வேறு யாருக்காவது மலேசியா அல்லது மொரிஷியஸ் தமிழர் துணையாக இருந்தால், திருமண வழியில் போகாதீர்கள். தாத்தா பாட்டி, அவர்களுடைய பெற்றோர் எனப் பின்னோக்கிப் போய் இந்திய வம்சாவளியைக் காட்டும் பழைய ஆவணங்களைத் தேடி அந்த வழியில் வாங்குங்கள். அந்த அட்டை திருமணத்தோடு கட்டுண்டதல்ல.)

விசாவைவிட நான் அதிகம் கவலைப்படுவது வருமான வரிக்கான நாள் கணக்கைப் பற்றித்தான். ஏப்ரல் முதல் மார்ச் வரையான நிதியாண்டில் 182 நாள் இருந்தால் யாராக இருந்தாலும் இங்கே வசிப்பவர். இது எல்லாருக்கும் தெரியும். இன்னொரு விதியும் இருக்கிறது: ஓர் ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்தாலே வசிப்பவர்தான். வெளிநாட்டிலிருந்து வந்துபோகும் இந்தியக் குடிமகனுக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் இந்த 60 என்பது 182 ஆகத் தளர்த்தப்படுகிறது. இந்திய வருமானம் 15 லட்சத்துக்கு மேல் போனால் 120. மனைவிக்கு இந்தத் தளர்வு கிடையாது. ஓசிஐ அட்டை இருந்தாலும், வரிச் சட்டத்தில் வம்சாவளி என்பது தானோ பெற்றோரோ பெற்றோரின் பெற்றோரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருப்பதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இதற்கு முன் இந்தியாவில் அதிகம் தங்காத மனைவி, ஒவ்வொரு நிதியாண்டிலும் 150 நாள் வருகிறார். முதல் மூன்று ஆண்டுகள் அவர் வசிக்காதவர். நான்காம் ஆண்டில் முந்தைய மூன்று குளிர்காலங்கள் 450 நாளாகச் சேர்ந்துவிடுவதால் வசிப்பவர் ஆகிறார். ஆனாலும் நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் அவர் ‘சாதாரணமாக வசிக்காதவர்’ என்ற இடைநிலையில் இருப்பார். பிரிட்டனில் உள்ள பென்ஷனும் சேமிப்பு வட்டியும் இங்கே வரிக்கு வராது. ஆறாம் ஆண்டில் இரண்டு பாதுகாப்பும் போகின்றன. முந்தைய பத்தில் ஒன்பது ஆண்டுகள் வசிக்காதவர் என்ற கணக்கு உடைகிறது. முந்தைய ஏழு ஆண்டுகளில் 729 நாளுக்குள் என்ற கணக்கும் 750 ஆகித் தாண்டுகிறது. அதன்பின் உலகெங்கும் உள்ள வருமானம் இந்தியாவில் கணக்கில் வரும், பிரிட்டனில் வரி விலக்கு உள்ள ஐசா கணக்கின் வட்டி உட்பட. அங்கேயும் வசிப்பவராக இருந்தால் இரு நாட்டு வரி ஒப்பந்தம் கைகொடுக்கலாம். ஆனால் அதற்கு அங்கே நிலையான வீடு இருக்கிறதா என்பது போன்ற கேள்விகள் வரும். பழைய விடுமுறைப் பயணங்களும் இந்த எண்ணிக்கையில் சேரும், ஆகவே பாஸ்போர்ட் முத்திரைகளை இப்போதே எடுத்து எழுதி வையுங்கள். வந்த நாள், போன நாள் இரண்டையும் சேர்த்து எண்ணுவதே பாதுகாப்பு.

இனி கணவரின் பக்கம். பிரிட்டனுக்கு வெளியே தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தால் ஐஎல்ஆர் காலாவதியாகும். ஐந்து மாதப் பயணங்களில் அது தெரியாது, நிரந்தரமாக வந்த பிறகுதான் தெரியும். மனைவி எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போய் அங்கே குடியேறினால் என்எச்எஸ் எனும் அரசு மருத்துவச் சேவையில் சிகிச்சை பெறலாம். கணவர் எழுபத்தைந்து வயதில் விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டிவரும். பிள்ளைகள் பிரிட்டனில் இருந்தால், கிளம்புவதற்கு முன்பே பிரிட்டிஷ் குடியுரிமை வாங்குவதா என்று முடிவெடுத்துவிடுங்கள். வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அவரும் ஓசிஐ எடுக்க வேண்டும், வாக்குரிமை போகும், புதிதாக வயலோ தோப்போ வாங்க முடியாது. என் கருத்தில், அறுபதைத் தாண்டியவர்களுக்கு அங்கே திரும்பும் வழி திறந்திருப்பது தோப்பைவிடப் பெரிது.

பிரிட்டிஷ் அரசு பென்ஷன் இந்தியாவில் உறைந்துவிடும்: வாங்கத் தொடங்கிய நிலையிலோ, ஏற்கெனவே வாங்குபவர் என்றால் கிளம்பிய நிலையிலோ தொகை நிற்கும், ஆண்டு உயர்வு கிடைக்காது. இருபது வருடக் கணக்கு போடும்போது இதை மறக்காதீர்கள். முழுப் பென்ஷனுக்கு 35 ஆண்டுப் பங்களிப்பு வேண்டும், குறைந்தபட்சம் 10.

மருத்துவக் காப்பீட்டை ‘போய்ச் சேர்ந்த பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளாதீர்கள். 2024 முதல் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லா வயதினருக்கும் பாலிசி வைத்திருக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்பு உண்டு. அந்தக் கடிகாரம் பாலிசி எடுத்த நாளில்தான் ஓடத் தொடங்கும். காப்பீட்டு நிறுவனம் ஏற்குமானால், வந்துபோகும் ஆண்டுகளிலேயே எடுத்து இடைவெளியில்லாமல் புதுப்பித்து வாருங்கள். நோயை மறைத்து எழுதினால் ஐந்து ஆண்டு முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் கிளெயிம் நிராகரிக்கப்படலாம்.

மார்கழியில் ஸ்ரீரங்கத்தைப் பார்த்துவிட்டு ‘இங்கேயே இருந்துவிடலாம்’ என்று மனைவி சொல்வதை வைத்து வீடு வாங்காதீர்கள். ஒரு சித்திரை முழுக்க வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். வெளிநாட்டவருக்கு வீடு விடுபவர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதிய வேண்டும். வீட்டுக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம், முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓசிஐ அட்டை வந்த பிறகு வாங்கினால் வீடு, அபார்ட்மெண்ட் இவற்றில் மனைவி பெயரைச் சேர்க்கலாம். விவசாய நிலத்தில் சேர்க்காதீர்கள். பத்திர அலுவலகத்தில் கவனிக்காமல் பதிவானாலும் அந்நியச் செலாவணிச் சட்டத்தில் மூன்று மடங்கு வரை அபராதம் வரலாம்.

உயில் கட்டாயம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்த இந்து–கிறிஸ்தவத் தம்பதிக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது, 1925-இன் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். அதன்படி உயில் இல்லாமல் கணவர் இறந்தால், பிள்ளைகள் இருக்கும் நிலையில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்குதான். அவர் குடியிருக்கும் வீட்டிலும் அப்படியே. இந்தியச் சொத்துக்கு ஒன்று, பிரிட்டன் சொத்துக்கு ஒன்று என இரண்டு உயில் எழுதுங்கள். லண்டன் வக்கீல் வழக்கமாகச் சேர்க்கும் ‘முந்தைய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்’ என்ற வரியை ‘பிரிட்டனில் உள்ள சொத்து குறித்த முந்தைய உயில்களை’ என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்றாவிட்டால் பின்னால் எழுதிய அந்த உயில், திருச்சியில் எழுதியதை ரத்தாக்கிவிடும்.