ஃபுல்லாக வாங்கினால் மிச்சமாகுமா?

கேள்வி: எனக்கு வயது 42. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய், வீட்டுக்கடன் தவணை 21,000. மகள் ஆறாவது படிக்கிறாள். நான் பாருக்குப் போவதில்லை, கூட்டாளிகளும் இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் வீட்டிலேயே ஒரு குவார்ட்டர். ஏழெட்டு வருடமாக இப்படித்தான். தினமும் 200 ரூபாய் ஆகிறது. சண்டை சச்சரவு கிடையாது, ஆனாலும் மனைவி இதைப் பிரச்சினை என்கிறாள். குவார்ட்டராக வாங்காமல் ஃபுல் பாட்டிலாக வாங்கி வைத்தால் செலவு குறையுமா? இரண்டு வருடம் முன்பு ஒரு கோடிக்கு டேர்ம் பாலிசி (நான் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுத்தேன். விண்ணப்பத்தில் மதுப்பழக்கம் என்ற இடத்தில் 'எப்போதாவது' என்று போட்டேன். குடும்பத்துக்கு 10 லட்சம் மருத்துவக் காப்பீடும் இருக்கிறது. அந்தப் பக்கம் பயமில்லை.

பதில்: கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: குறையாது. டாஸ்மாக்கில் ஒரு ஃபுல்லின் விலை ஏறக்குறைய நான்கு குவார்ட்டரின் விலைதான். 750 மில்லியில் நான்கு 180 போனால் மிஞ்சுவது 30 மில்லி. அந்த 30 மில்லிக்காக, இப்போது உங்களிடம் இருக்கும் ஒரே கட்டுப்பாட்டையும் விட்டுவிடுவீர்கள். குவார்ட்டர் காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். அலமாரியில் ஃபுல் இருந்தால் எங்கே நிறுத்துவது என்று உங்கள் மனம்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் இரண்டு ரவுண்டு உள்ளே போன பிறகு.

சோடா, மிக்சர், அவ்வப்போது வாங்கும் சில்லி சிக்கன் எல்லாம் இந்த 200-ல் சேர்ந்திருக்காது என்று நினைக்கிறேன். பாட்டிலை மட்டும் எடுத்தாலே மாதம் 6,000, வருடம் 72,000. அதை ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டமான பி.பி.எஃப்.பில் போட்டால், இப்போதைய 7.1% வட்டியில் 15 வருடத்தில் சுமார் 19.5 லட்சம். ஆனால் இந்த மாதிரிக் கணக்கைப் பார்த்து யாரும் குடியைக் குறைத்து நான் கண்டதில்லை. அதனால் இதை இதோடு விடுகிறேன்.

இன்னொன்றை யோசித்துப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் ரகத்தைப் பொறுத்துக் குவார்ட்டருக்கு 10 முதல் 20 ரூபாய் வரை ஏறியது. அன்றைக்கு நீங்கள் ஏதாவது குறைத்தீர்களா? பெட்ரோல் ஏறினால் வண்டியைக் கொஞ்சம் குறைவாக எடுக்கிறோம், தக்காளி ஏறினால் புளியை வைத்துச் சமாளிக்கிறோம். விலை ஏறியும் ஒரு நாள்கூடக் குறையாத செலவை நான் தவணைக் கடன்களோடுதான் எழுதி வைப்பேன். உங்களுக்கு வீட்டுக்கடன் ஒன்று, இது இரண்டாவது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கலங்க வைத்தது கடைசி வரிதான். பயமில்லை என்கிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. தினமும் குடிப்பவர் 'எப்போதாவது' என்று போட்டால், காப்பீட்டு நிறுவனத்தின் பார்வையில் அது தவறான தகவல். காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவுப்படி, பாலிசி தொடங்கி மூன்று வருடத்துக்குள் இந்த மாதிரிக் காரணத்தைக் காட்டி அவர்கள் இழப்பீட்டை மறுக்க முடியும். கட்டிய பிரீமியம் மட்டும் திரும்பி வரலாம், ஒரு கோடி வராது. 'இன்னும் ஒரு வருடம்தானே, பேசாமல் இருந்துவிடலாம்' என்று தோன்றும். அந்த ஒரு வருடத்தில் உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால், வீட்டுக்கடனோடு நிற்கப்போவது உங்கள் மனைவி.

மருத்துவக் காப்பீட்டிலும் இதே கதைதான். மதுப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் நம் நாட்டுப் பாலிசிகளில் பொதுவாக விலக்கப்பட்டவை. கல்லீரல் கெட்டோ கணையம் வீங்கியோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், எத்தனை வருடமாகக் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டு டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுவார். காப்பீட்டுக்காரர்கள் அந்த வரியைக் கட்டாயம் படிப்பார்கள். அதற்காக டாக்டரிடம் மறைக்காதீர்கள், உயிருக்கு ஆபத்து. மறைக்கத் தேவையில்லாத நிலைக்கு வருவதுதான் வழி.

'வீட்டில்தானே' என்பதையும் பார்ப்போம். ராத்திரி பதினோரு மணிக்கு மகளுக்கு மூச்சுத் திணறினால் வண்டியை யார் எடுப்பது? 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். அந்த நிலையில் வண்டி இடித்தால் சேதத்துக்கான காப்பீடும் கைவிட்டுவிடும்.

பிரச்சினையா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன், உங்கள் மனைவி சொல்வது சரி. ஒரு குவார்ட்டரில் இருப்பது சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. சண்டை போடாமல் குடித்தாலும் கல்லீரலுக்கு அது 60 கிராம்தான்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு நாளையே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். ஏழெட்டு வருடம் தினமும் குடித்த உடம்பில், திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகும். முதலில் ஒரு டாக்டரைப் பார்த்து, கல்லீரல் பரிசோதனையும் எடுத்து, அவர் சொல்கிறபடி குறையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

பணத்தில் செய்ய வேண்டியது இதுதான். இந்த வாரமே டேர்ம் பாலிசி நிறுவனத்துக்கு, உங்கள் குடிப்பழக்கத்தின் உண்மையான அளவைச் சொல்லி, தகவலைத் திருத்தக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் ரத்தப் பரிசோதனை கேட்கலாம், பிரீமியத்தை ஏற்றலாம், பாலிசியையே மறுபரிசீலனை செய்யலாம். ஏற்றினால் கட்டுங்கள், குவார்ட்டரில் குறைவது அதற்குச் சரியாக இருக்கும். வேறு பாலிசிக்கு மாறுவதாக இருந்தால், புதியது கையில் வரும்வரை பழையதை விட வேண்டாம். மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தின் நகலையும் வாங்கி, அதில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்தக் கடிதத்தை எழுதும்போது மனைவியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நாமினி அவர்தானே.