'சிஆர்' என்று வந்தால் பயப்பட வேண்டாம்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் இருபது வருஷத்துக்கு முந்தைய என் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. நீங்கள் கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமையான பிஆர் வாங்கி, குடும்பத்தோடு ஒன்டாரியோ மாகாணத்து மிசிசாகாவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. வாடகை வீடு கேட்ட இடத்தில் "கிரெடிட் இல்லை" என்று கைவிரித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் "ஜிஎஸ்டி கிரெடிட்டுக்கு எழுதிப் போடுங்க" என்கிறார், அதைத் திருப்பிக் கட்ட வேண்டுமோ என்று உங்களுக்குப் பயம். மகளைச் சேர்க்கப் போன பள்ளியில் "முப்பது கிரெடிட் எடுக்கணும்" என்கிறார்கள். ஊரில் ஒரு பைசா கடன் வாங்காமல் வாழ்ந்தவனுக்கு இது என்ன தண்டனை என்று கேட்கிறீர்கள்.

முதலில் உங்கள் பயத்தை இறக்கி வைக்கிறேன். ஜிஎஸ்டி/எச்எஸ்டி கிரெடிட் கடன் இல்லை. கடையில் நீங்கள் கட்டும் வரியில் ஒரு பங்கை, வருமானம் குறைந்தவர்களுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் அரசாங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருப்பித் தருவது அது. கேட்டு வாங்குங்கள். பள்ளியில் சொன்னதும் கடன் இல்லை. ஒன்டாரியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வாங்க 30 கிரெடிட் வேண்டும். 110 மணி நேரப் பாடம் ஒன்றைப் படித்துத் தேறினால் ஒரு கிரெடிட். அவ்வளவுதான். ஊரில் மகள் படித்து முடித்ததற்கும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள், அதனால் பழைய மதிப்பெண் பட்டியல்களைக் கையோடு கொண்டு போங்கள்.

குழப்பத்துக்குக் காரணம், நம் காதில் கிரெடிட் என்றாலே கடன் என்று விழுவதுதான். ஆனால் ஊரில் சம்பள நாளன்று "அக்கவுண்ட்ல கிரெடிட் ஆயிடுச்சு" என்று மெசேஜ் வந்தால் சந்தோஷப்பட்டோமே, அது கடனா? நம் பள்ளிக் கணக்குப்பதிவியல் புத்தகத்திலேயே இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு தமிழ் உண்டு. பேரேட்டில் டெபிட் 'பற்று', கிரெடிட் 'வரவு'. அதே புத்தகத்தில் 'கிரெடிட் சேல்ஸ்' வந்தால் அது 'கடன் விற்பனை'. வரவும் கடனும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடியிருக்கின்றன?

அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் 'நம்புதல்'. கடைக்காரர் உங்களை நம்பிச் சரக்குக் கொடுத்தால், நீங்கள் அவருக்குத் தர வேண்டும். நீங்கள் வங்கியை நம்பிப் பணம் போட்டால், வங்கி உங்களுக்குத் தர வேண்டும். இரண்டிலும் ஒருவர் இன்னொருவரை நம்பியிருக்கிறார். ஆகவே இந்தச் சொல் எங்கே கண்ணில் பட்டாலும் "யார் யாருக்குத் தரணும்?" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இதைக் கேட்கத் தெரியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். 2006இல் வந்து இறங்கி, 500 டாலர் டெபாசிட் கட்டி, 500 டாலர் வரம்புள்ள ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். இரண்டாவது பில் 62 டாலர். கட்டினேன். போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்ற பயத்தில் மறுபடியும் கட்டினேன். அடுத்த பில்லில் '62.00 சிஆர்' என்று வந்தது. ஐயையோ, சிஆர் என்றால் கிரெடிட், 62 டாலர் பாக்கி நிற்கிறது என்று அதையும் கட்டினேன். அதற்கடுத்த மாதம் '124.00 சிஆர்'. கட்டக் கட்டக் கடன் ஏறுகிறதே, இது என்ன கந்துவட்டியாக இருக்கிறது என்று பில்லைத் தூக்கிக்கொண்டு கிளைக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்த பெண் பில்லைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், நாங்கதான் உங்களுக்கு 124 டாலர் தரணும்" என்றாள். என் மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாள்.

இனி உங்கள் வீட்டு விஷயம். வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் கேட்டது கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது வாங்கியதை ஒழுங்காகத் திருப்பிக் கட்டினீர்களா என்ற வரலாறு. நம்மிடம் இதற்கு அழகான ஒரு சொல் இருக்கிறது: நாணயம். காசுக்கும் அதுதான் பெயர், வாக்குத் தவறாமைக்கும் அதுதான். ஊரில் அண்ணாச்சி கடை நோட்டில் உங்கள் பெயர் இருந்ததே, ஒன்றாம் தேதி ஆனால் கணக்குத் தீர்த்தீர்களே, அப்போதே உங்களுக்குக் கிரெடிட் ஹிஸ்டரி இருந்தது. அண்ணாச்சியின் தலைக்குள் இருந்தது. இங்கே அந்த நோட்டை ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று இரண்டு நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. 300 முதல் 900 வரை மதிப்பெண். உங்கள் மதிப்பெண் பூஜ்யம் என்று நினைக்காதீர்கள். உங்கள் பேரில் இன்னும் பக்கமே திறக்கவில்லை, அவ்வளவுதான். ஊரில் இதே மாதிரி போடும் சிபில் ஸ்கோரை இங்கே காட்டினால் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கடன் வாங்காதவனுக்கு ஏன் தண்டனை என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது. எனக்கும் அது இன்னும் உறுத்தல்தான். டெபிட் கார்டில் பத்து வருஷம் ஒழுங்காகச் செலவு செய்தாலும் இந்த நோட்டில் ஒரு வரி ஏறாது. வாங்கித் திருப்பிக் கொடுத்தவனைத்தான் இவர்களுக்குத் தெரியும். இந்த ஊர் வழக்கத்தோடு வாதாடிப் பயனில்லை, பக்கத்தைத் திறந்துவிடுங்கள். புதிதாக வந்தவர்களுக்கென்று பல வங்கிகள் கிரெடிட் கார்டு தருகின்றன. தராவிட்டால் என்னைப் போல டெபாசிட் கட்டி வாங்கலாம். மளிகை, பஸ் கட்டணம் என்று எப்படியும் செய்யும் செலவை அதில் செய்யுங்கள். வரம்பு 1,000 டாலர் என்றால் 300ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பில் தேதிக்கும் கெடு தேதிக்கும் நடுவே குறைந்தது 21 நாள் இருக்கும். அதற்குள் முழுத் தொகையையும் கட்டினால் வாங்கிய பொருளுக்கு ஒரு காசு வட்டி இல்லை.

'மினிமம்' என்று பத்து டாலரோ என்னவோ போட்டிருப்பார்கள், அதில்தான் நம் ஆட்கள் விழுகிறார்கள். பாக்கிக்கு வருஷத்துக்கு 20 சதவீதத்தை ஒட்டி வட்டி ஓடும். மினிமம் மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை வருஷம் எத்தனை மாதம் ஆகும் என்று பில்லிலேயே அச்சடித்திருப்பார்கள். ஒருமுறை அந்த வரியைப் படித்தால் தூக்கம் போய்விடும். இன்னொன்று, அந்தக் கார்டைச் சொருகி ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். அதற்கு 21 நாள் சலுகை கிடையாது, எடுத்த அன்றே வட்டி தொடங்கிவிடும். முதல் பனிக்காலத்தில் பிள்ளைக்குக் கோட்டு வாங்க நான் எடுத்தேன். கோட்டுக் கடையிலேயே அதே கார்டைத் தேய்த்திருந்தால் வட்டியே வந்திருக்காது.

நம் ஆட்களுக்கென்றே ஒரு வில்லங்கம் உண்டு: பெயர். இனிஷியலை விரித்து அப்பா பேரைச் சேர்க்கும்போது, பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை, போன் கம்பெனியில் இன்னொரு வரிசை என்று ஆகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆகி, ஒரே ஆள் இரண்டு கோப்பாகப் பிரிந்து, ஒழுங்காகக் கட்டியதெல்லாம் ஒன்றிலும், மறந்துபோன ஒரு போன் பில் இன்னொன்றிலுமாகக் கிடந்தது. வீட்டுக் கடன் கேட்டபோதுதான் தெரிந்தது. சேர்த்து வைக்க நாலு மாதம் அலைந்தேன். வருஷத்துக்கு ஒருமுறை ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டு இடத்திலும் உங்கள் அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். காசு கிடையாது, நீங்களே பார்ப்பதால் மதிப்பெண்ணும் குறையாது.

மற்ற கிரெடிட்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது 'ஸ்டோர் கிரெடிட்' என்றால், கடை உங்களுக்குத் தர வேண்டும், ஆனால் பணமாகத் தராது. வரித் தாக்கலில் வரும் 'டேக்ஸ் கிரெடிட்' நீங்கள் கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழியும். ஊரில் எஃப்டி வட்டிக்கு வரி பிடித்திருந்தால், அந்த வட்டியை இங்கேயும் காட்டிவிட்டு, அங்கே கட்டிய வரிக்குக் கிரெடிட் கேளுங்கள். வேலை கிடைத்ததும் இன்னொரு கிரெடிட் வரும். நீங்கள் செய்த வேலைக்கு மீட்டிங்கில் இன்னொருவன் பேரைத் தட்டிக்கொண்டு போவான். அதற்கு எந்த நிறுவனமும் நோட்டு வைத்திருக்கவில்லை.

மகள் பதினெட்டுக்குக் கீழே என்பதால் கனடா வரித் துறையின் 'ஆர்சி66' படிவத்தையும், புதிதாக வந்தவர்களுக்கான அதன் இணைப்பையும் நிரப்பி அனுப்புங்கள். குழந்தைகளுக்கான மாத உதவித்தொகைக்கும் ஜிஎஸ்டி கிரெடிட்டுக்கும் அது ஒன்றே போதும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் வரிசையையே எழுதுங்கள்.

அந்த வீட்டுக்காரருக்கு இன்னொரு முறை போன் போடுங்கள். வேலைக் கடிதம் இருந்தால் அதையும், வங்கி ஸ்டேட்மென்டையும் எடுத்துப் போங்கள். கிரெடிட் ஹிஸ்டரி கெட்டுப் போயிருப்பது வேறு, இல்லாமலே இருப்பது வேறு. இல்லாததைக் குறையாக எடுக்கக் கூடாது என்பதுதான் ஒன்டாரியோ மனித உரிமை ஆணையத்தின் நிலை. அதைத் தணிந்த குரலில் சொல்லுங்கள். ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்டால் அவருக்கு அந்த உரிமை இல்லை. முன்பணமாகக் கடைசி மாத வாடகை ஒன்றைத்தான் கேட்கலாம். அப்படியும் மசியவில்லை என்றால் விடுங்கள், அடுத்த தெருவைப் பாருங்கள்.