உங்கள் மகள் ராத்திரி எழுதுகிற அந்த நோட்டு

அக்கா, போன வாரம் முக்கூடலில் இருந்து பஸ் ஏறி வந்து நீங்கள் கேட்டதற்கு அன்றைக்கு முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். "பி.எட். முடிச்சவ டெட்டுங்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்காம, ராத்திரி பத்து மணி வரைக்கும் பீடி சுத்துற பொம்பளைக பேசுனதை நோட்டுல எழுதிட்டு இருக்கா. இதெல்லாம் ஒரு வேலையா சார்?" என்று கேட்டீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் அந்த நோட்டை மட்டும் மூடிவைக்கச் சொல்லிவிடாதீர்கள்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்தறிவு மையத்தில் அந்தப் பெண்களுக்கு அவள் பாடம் சொல்வது தன்னார்வப் பணி. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022இல் தொடங்கி 2027 வரைக்குமானது. 15 வயது தாண்டியவர்களுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லித்தரும் அந்தத் திட்டம் தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கிறது. அதிலிருந்து நிரந்தர வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டெட்டுக்குக் காலையில் இரண்டு மணி நேரம் கட்டாயம் ஒதுக்கச் சொல்லுங்கள். அந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம்.

நோட்டு சங்கதி வேறு. அதற்குச் செயலாராய்ச்சி என்று பெயர்; தன் வேலையில் வரும் சிக்கலைத் தானே விசாரித்து, மாற்றிச் செய்துபார்ப்பது. உளவியலாளர் குர்ட் லெவின் 1946இல் இந்தச் சொல்லை எழுதிப் பரவலாக்கினார். ஆசிரியரே தன் வகுப்பை ஆராய வேண்டும் என்று இங்கிலாந்தில் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் வலியுறுத்தினார். நம் பி.எட். படிப்பிலும் இது உண்டு. பலருக்கு அது ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதி மார்க் வாங்குவதோடு சரி. உங்கள் மகள் நிஜமாகவே செய்துபார்க்கிறாள்.

பெரியவர்களுக்குப் பாடம் சொல்கிறவர்களுக்கு இது ஏன் அவசியம் தெரியுமா? பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் முகமே சொல்லிவிடும். பெரியவர்கள் காட்டிக்கொள்ள மாட்டார்கள். டீச்சர் மனசு நோகக்கூடாது என்று "புரிஞ்சிட்டு டீச்சர்" என்பார்கள். மறுநாள் ஆளைக் காணாது.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் நானும் ராத்திரி வகுப்பு எடுத்தேன். இரண்டு மாதத்தில் இருபது பேரில் எட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். 'ஆர்வமின்மை' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். பிறகு ஒருநாள் அவர்களில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். புத்தகத்தை நீட்டினேன். வாங்கி, கையை முழுசாக நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னால் இழுத்துக் கண்ணைச் சுருக்கினார். வெள்ளெழுத்து. பீடி சுற்றப் பழகிய விரல் போதும், அரிக்கேன் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டக் கண் வேண்டுமே. எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு அதுதான் காரணம். கண்ணாடி ஏற்பாடு செய்ததும் நான்கு பேர் திரும்பி வந்தார்கள். கேட்காமலே எழுதிய அந்த ஒரு சொல் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. உங்கள் மகளுக்கு அப்படி நேரக்கூடாது.

அவளிடம் நான் சொல்ல நினைப்பதை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். கேள்வியைச் சின்னதாக்க வேண்டும். 'பெண்கள் ஏன் படிக்க வருவதில்லை' என்பது ஆறு வாரத்தில் முடிகிற கேள்வி இல்லை. 'என் வகுப்பில் உள்ளவர்கள் கழித்தல் கணக்கில் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்' என்று கேட்டால் முடியும். நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். இடது பக்கம் கண்ணால் கண்டது, காதால் கேட்டது. வலது பக்கம் அவள் நினைத்தது. இரண்டும் கலந்தால் மொத்தமும் கெட்டது. நான் கொடுத்த அறிக்கை முழுக்க வலது பக்கம்தான்.

பேசும்போது "வகுப்பு பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்றுதான் பதில் வரும். "நேத்து பாஸ்புக்கை எடுத்தப்ப எதைப் பார்த்தீங்க?" என்று நடந்ததைக் கேட்கட்டும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கட்டும், அதுதான் கஷ்டம். அவர்கள் சொன்னதை வருகைப் பதிவேட்டோடும், அவர்களே எழுதிய தாளோடும் ஒப்பிட வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் ஓரளவு நம்பலாம். பாடமுறையில் மாற்றம் செய்தால் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. நேரத்தையும் மாற்றி, புத்தகத்தையும் மாற்றிவிட்டால் எதனால் பலன் வந்தது என்று யாருக்குத் தெரியும்?

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும் அக்கா. அந்தப் பெண்கள் பேச்சோடு பேச்சாகப் புருஷன் குடி, குழுக் கடன் எல்லாம் சொல்லியிருப்பார்கள். எழுதப்போவதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். பெயரை மாற்றி எழுத வேண்டும். நோட்டு பெட்டியில் பூட்டி இருக்க வேண்டும். சின்ன ஊர், 'மேலத்தெரு, ரெண்டு பிள்ளைக்காரி' என்றாலே ஆள் தெரிந்துவிடும்.

இதெல்லாம் சோறு போடுமா என்பீர்கள். ஐ.டி.ஐ.யில் தொழிற்பிரிவுப் பயிற்றுநராக அந்தத் தொழிலில் தகுதி வேண்டும், பி.எட். போதாது. ஆனால் ஜன் சிக்ஷண் சன்ஸ்தான் போன்ற பயிற்சி அமைப்புகளிலும் தொண்டு நிறுவனங்களிலும், களத்தில் விசாரித்து மூன்று பக்கம் தெளிவாக எழுதத் தெரிந்தவர்களுக்கு மதிப்பு உண்டு. எம்.எட்., பிஎச்.டி. என்று போனாலும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய ஆய்வேடுகளைச் சோத்கங்கா தளத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். முனைஞ்சிப்பட்டியில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்குச் செயலாராய்ச்சியும் ஒரு பணி. ஒரு வேலைநாளில் போய் விரிவுரையாளர்களிடம் நோட்டைக் காட்டி வரட்டும்.

கிளம்பும்போது நீங்கள் சொன்ன ஒன்றை அவளிடம் சொன்னீர்களா? பள்ளிக்கூடமே போகாமல், பீடிக்கடை பாஸ்புக்கில் கணக்கு தப்பாக ஏறினால் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவேன் என்றீர்கள். எந்த எண்ணை முதலில் கற்றீர்கள், யார் சொல்லிக்கொடுத்தார்கள், எது இன்னும் குழப்புகிறது என்று அவள் உங்களிடம் கேட்டு எழுதட்டும். இன்றைக்கு ராத்திரி சுளகைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள்.