அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் அப்படி என்ன விசேஷம்?

நியூ ஜெர்சிப் பக்கம் இருக்கும் எங்களைக் கேட்டால், விற்பனை வரி இல்லாத கடைகள் என்றுதான் முதலில் சொல்வோம். லேப்டாப் மாதிரி பெரிய செலவு என்றால் டெலவேர் மெமோரியல் பாலத்தைத் தாண்டிவிடுவோம். பாலத்துச் சுங்கத்தைக் கழித்தாலும் லாபம்தான்.

பரப்பளவில் இதைவிடச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்ட் மட்டுமே. மொத்தம் மூன்றே கவுன்டிகள், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 9.9 லட்சம். தலைநகர் டோவர், பெரிய ஊர் வில்மிங்டன். 1787 டிசம்பர் 7 அன்று அமெரிக்க அரசியல் சாசனத்தை முதல் ஆளாக ஏற்றுக்கொண்ட பெருமையை இன்றுவரை விடவில்லை. கார் நம்பர் பிளேட்டில்கூட 'முதல் மாநிலம்' என்றுதான் இருக்கும்.

அங்கே பதிவான கம்பெனிகளின் எண்ணிக்கை மக்கள்தொகையைவிட அதிகம். 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெரும்பாலானவற்றுக்கு அங்கே ஒரு நாற்காலிகூடக் கிடையாது, வெறும் முகவரிதான். வரிச் சலுகைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய காரணம் 1792 முதல் இயங்கும் சான்சரி நீதிமன்றம். ஜூரி கிடையாது, கம்பெனிச் சட்டத்தில் ஊறிய நீதிபதிகளே தீர்ப்புச் சொல்வார்கள். 2022-இல் ட்விட்டரை வாங்கும் ஒப்பந்தத்திலிருந்து எலான் மஸ்க் பின்வாங்கப் பார்த்தபோது ட்விட்டர் வழக்குப் போட்டதும் இங்கேதான். கம்பெனிகள் ஆண்டுதோறும் கட்டும் பதிவுக் கட்டணமும் வரியும் மாநில வருமானத்தில் கணிசமான பங்கு. விற்பனை வரி இல்லாமலே காலம் தள்ள முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் எனக்குப் பிடித்த டெலவேர் கடற்கரையில் இருக்கிறது. ரெஹோபத் பீச்சுக்குத்தான் கூட்டம் போகும். நான் சொல்வது வளைகுடாவை ஒட்டிய ஸ்லாட்டர் பீச். மே, ஜூன் மாதங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல் ஏறும் இரவுகளில் குதிரைலாட நண்டுகள் முட்டையிடக் கூட்டம் கூட்டமாகக் கரையேறும். டைனோசருக்கும் முந்தைய இனம். பெயர்தான் நண்டு, உறவு சிலந்தியோடு. ஊசி மருந்துகளில் பாக்டீரியா நச்சு இருக்கிறதா என்று சோதிக்க இவற்றின் நீல ரத்தம்தான் பல காலமாகப் பயன்படுகிறது. தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து ஆர்க்டிக் வரை பறக்கும் ரெட் நாட் பறவைகள் இந்த முட்டைகளைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான் வழியில் இங்கே இறங்குகின்றன.

போனால், மல்லாந்து கிடக்கும் நண்டைத் திருப்பிவிடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கினால் அதற்கு அடிபடும். ஓட்டின் ஓரத்தைப் பிடித்துப் புரட்டினால் போதும். கடிக்காது.